கல்லூரி செய்து தந்த தேன் கலம்: என் மதிப்பீடு

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் சிறிய அளவில் தேன் எடுத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறேன். எங்கள் தீராத தலைவலி ஈரப்பதம். ரப்பர் மரம் இலையுதிர்த்துக் கொழுந்து விடும் மாதங்களில், இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் கொண்டுவருகின்றன. அடையின் கண்கள் மூடும் முன்பே எடுத்துவிட்டால் தேன் நீர்த்திருக்கும். மழைக்காலத்தில் நுரைத்துப் புளித்துவிடும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. என் தேன் 23இல் நின்றது.

தேனின் ஈரத்தைக் குறைக்கும் கலம் ஒன்று செய்து தரும்படி, மாவட்டத்திலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் தொழில் ஆலோசனைப் பிரிவை அணுகினேன். அவர்கள் பக்கத்துக் கலைக் கல்லூரியின் வேதியியல் துறையையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அதில்தான் இருக்கிறது.

இயந்திரவியல் மாணவர் முதலில் வரைந்த கலத்தில் பெரிய ஹீட்டர் இருந்தது. சூடேற்றினால் நீர் போய்விடும் என்பது அவர் கணக்கு. வேதியியல் ஆய்வு மாணவி உடனே தடுத்தார். தேனைச் சுடச்சுட ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரால் என்ற பொருள் கூடும். கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் போனால் தேன் தேறாது என்றார். என் கொட்டகையிலேயே இருவரும் அரைநாள் வாதாடினார்கள். முடிவில் ஹீட்டர் சிறியதாயிற்று, காற்றை உறிஞ்சும் பம்ப் வந்தது. அழுத்தம் குறைந்தால் இளஞ்சூட்டிலேயே நீர் ஆவியாகிவிடுமாம். தனித்தனியாகக் கேட்டிருந்தால் ஒருவர் தேனைக் கெடுத்திருப்பார், மற்றவர் அறிக்கையோடு நின்றிருப்பார்.

பாத்திரம் கழுவும் அக்கா கலத்துக்குள் கையை விட்டுப் பார்த்து, "அடி மூலைக்கு விரல் எட்டவில்லையே மக்களே, தேன் ஒட்டினால் எப்படிக் கழுவ?" என்றார். பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டு அடிப்பாகத்தை வளைவாக மாற்றச் சொன்னார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது தேன் 19இல் நிற்கிறது. நிறமும் மணமும் மாறவில்லை. பம்பின் இரைச்சல் அதிகம், அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். செமஸ்டர் தேர்வு வந்ததும் வேலை அப்படியே நின்றது. அறிக்கை முழுக்க ஆங்கிலம். துறைக்கொரு பகுதியாக வெட்டியிருந்தார்கள். கலத்தை எப்படி இயக்குவது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தரும்படி நான்தான் கேட்டு வாங்கினேன். வரைபடம் யாருக்குச் சொந்தம் என்பதும் முதல் ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லை. பேசியபின், நான் பயன்படுத்தவும் பழுதுபார்க்கவும் தடையில்லை என்று சேர்த்தார்கள்.

தேன், கிராம்பு, மட்டி வாழை என்று எதைப் பதப்படுத்துகிறவர்களும் தாராளமாகப் போகலாம். மாணவர்கள் புராஜெக்ட் தேர்ந்தெடுக்கும் ஜூன், ஜூலையிலேயே பேசிவிடுங்கள். ஜனவரியில் கொழுந்து விடும் முன் கலம் கைக்கு வந்துவிடும். அந்த மாணவர்கள் படிப்பை முடித்துப் போனபின் பழுதென்றால் யார் வருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.