கல்லறை எழுத்தைப் பதிவு செய்ய எது நல்லது: நோட்டா, கேமராவா, செயலியா?

‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னார் ஜி.யு. போப். பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல் இருக்கிறது. ஆனால் அதில் அந்த வாசகம் இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், இந்தக் கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் வைத்திருக்கிறார்கள் என்றுதான் இருக்கிறது. 1908இல் இறந்த ஒருவருக்குக் கடல் தாண்டி இருந்த தமிழர்கள் கல் வைத்தார்கள் என்ற இந்தச் செய்தி, நாம் சொல்லிச் சொல்லிப் பழகிய கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. யாரோ ஒருவர் கல் முன்னால் நின்று கடைசி வரி வரை படித்து எழுதியதால் நமக்குக் கிடைத்த செய்தி அது.

கடைசி வரி வரை என்பதை அழுத்திச் சொல்கிறேன். குடும்ப வரலாறு தேடித் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் நாலைந்து வருடமாக அலைகிறேன். கற்களைப் பதிவு செய்ய ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொல்கிறார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். எது எதற்கு உதவும், எது எங்கே கைவிடும் என்று இப்போது என்னால் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. பெயர் வெட்டிய கல் எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் கிடையாது. எரிக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் கல்லே இல்லை. புதைக்கிற சமூகங்கள் பலவற்றிலும் மண்மேடு ஐந்தாறு மழையில் கரைந்துவிடும். காயல்பட்டினத்தில் அரபி எழுத்து வெட்டிய பழைய மீசான் கற்கள், அதாவது முஸ்லிம்களின் கல்லறைக் கற்கள் உண்டு. அவற்றைப் படிக்க அரபி தெரிந்தவர் வேண்டும், ஹிஜ்ரி ஆண்டை மாற்றிக் கணக்கிடவும் வேண்டும். நான் பார்த்துப் பழகியது கிறிஸ்தவக் கல்லறைகள். அதனால் இங்கே சொல்வதெல்லாம் அவற்றைப் பற்றித்தான்.

கைபேசியில் படம் எடுப்பது வேகமான வழி. என் முதல் முயற்சியும் அதுதான். மத்தியானம் பதினொரு மணிக்கு உள்ளே போய் இரண்டு மணி நேரத்தில் நூற்றுச் சொச்சம் கற்களை எடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது நெஞ்சு கனத்துவிட்டது. உச்சி வெயிலில் எழுத்தின் பள்ளத்தில் நிழலே விழவில்லை. பாதிக் கற்கள் வெறும் வெள்ளைப் பலகையாக இருந்தன. ஒரே பெயரில் மூன்று கல் இருந்தது. எது யார் பக்கத்தில், எது எந்த வரிசையில் என்று ஒரு படமும் சொல்லவில்லை. கணவன், மனைவி, சின்ன வயதில் போன பிள்ளை மூவரையும் அடுத்தடுத்து அடக்கியிருப்பார்கள். அந்த வரிசையே ஒரு குடும்ப அட்டை மாதிரி. கல்லைத் தனித்தனியாகப் படம் பிடித்தபோது அதை நான் தொலைத்திருந்தேன்.

அப்புறம் நோட்டோடு போனேன். வாசலிலிருந்து வரிசை வரிசையாக எண் போட்டு ஒரு வரைபடம், கல்லுக்கு ஒரு பக்கம். கல்லில் எந்த இடத்தில் வரி முறிகிறதோ நோட்டிலும் அங்கேயே முறிப்பேன். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைப்பேன், ஊகத்தை அடைப்புக்குள் போடுவேன். கல்லில் பிழை இருந்தால் அந்தப் பிழையோடுதான் எழுத வேண்டும். நாம் திருத்தி எழுதிவிட்டால் அடுத்து வருகிறவருக்குக் கல்லில் என்ன இருந்தது என்றே தெரியாது. காலையில் இருபது கல்லுக்கு மேல் என்னால் முடிவதில்லை. ஆனால் எழுதுகிற கை கண்ணைப் படிக்க வைக்கிறது. படம் எடுத்தபோது நான் பார்த்தது பெயரையும் தேதியையும் மட்டும். எழுதியபோதுதான் அடியில் தரையை ஒட்டி, புல் மறைத்திருந்த வரிகள் தெரிந்தன: ‘இப்படிக்கு மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்.’ சில கற்களில் அந்த மக்களுக்குப் பெயரும், அவர்கள் பிழைக்கப் போன ஊரும் இருக்கும். குடும்பம் தேடுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய மேடை, தலைமாட்டில் ஒரு முழ உயரக் கருங்கல் பலகை. முதல் தடவை எடுத்த படத்தில் அதில் ஒன்றுமே இல்லை. இரண்டாம் தடவை காலை ஏழு மணிக்குப் போனேன். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. பூவரசு நிழல் தடுத்த கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து ஒளியைத் திருப்பினேன். எழுத்து எழும்பி வந்தது. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் ௲௮௱௭௰௬ என்று இருந்தது. ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு: 1876. சில கற்களில் இதையே சுருக்கி ௧௮௭௬ என்று வெட்டியிருப்பார்கள். தமிழ் எண் தெரியாதவர் கண்ணுக்கு அது ‘கஅஎசு’ என்று ஏதோ ஒரு சொல்லாகத் தெரியும். நானே ஒரு கல்லில் ஆண்டைப் பெயரின் மீதி என்று நினைத்து நோட்டில் தப்பாக எழுதி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் திருத்தினேன்.

அதனால் நோட்டு மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். கை தவறும், தவறியதைப் படம்தான் பிடித்துக் கொடுக்கும். இன்னொன்று, எழுத்தின் வடிவம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கற்களில் லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு இருக்கும். கணினியில் தட்டச்சு செய்தால் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் ஒரே குறியீடுதான், வித்தியாசம் போய்விடும். ஆண்டு சிதைந்த கல்லின் காலத்தை ஊகிக்க அந்தத் தும்பிக்கை ஒரு தடயம், அது படத்தில்தான் நிற்கும்.

பெயிண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கத்தோலிக்கத் தோட்டங்களில் வெள்ளையடித்து, எழுத்துக்குக் கறுப்பு எனாமல் தீட்டுவார்கள். பிரியத்தோடு செய்கிற காரியம்தான். ஆனால் தேய்ந்த 3ஐ பெயிண்டர் 8 ஆக்கிவிட்டால் படம் அந்த 8ஐத்தான் காட்டும். சந்தேகமான இலக்கத்தைக் கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். உளி போன பள்ளம் விரலுக்குத் தெரியும். ஆக, கற்களைப் படிக்கப் போவதென்றால் ஐப்பசி மழைக்கும் பெயிண்டுக்கும் முன்னால் போவது நல்லது. ஆட்களைப் பார்க்க மட்டும் நவம்பர் 2 போல ஒரு நாள் கிடையாது. எந்தக் கல்லுக்கு யார் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று பார்த்தாலே உறவுமுறை பாதி தெரிந்துவிடும்.

மைப்படி எடுக்கலாமே என்று கல்வெட்டு ஆர்வலர்கள் கேட்பார்கள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்துப் பள்ளத்தில் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது. கோயில் கருங்கல்லுக்கு அது அருமையான முறை. தமிழ்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் படி எடுக்கப்பட்டன. கல்லறைக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சுதை பூச்சு அடிக்குத் தாங்காது, பளிங்கில் மை இறங்கினால் போகாது, தவிர அது அடுத்தவர் வீட்டுத் தாத்தாவின் கல். இதே காரணத்துக்காகத்தான் ஆசிட், கம்பி பிரஷ், சுண்ணக்கட்டி, ஷேவிங் கிரீம் எதுவும் வேண்டாம் என்கிறேன். வெறும் தண்ணீர், மெல்லிய பிரஷ், சாய்ந்த வெயில் போதும்.

சரி, செயலிகளுக்கு வருவோம். கல்லறைகளை இணையத்தில் பதிவு செய்கிறவற்றில் ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் இரண்டும்தான் பெரியவை. முதலாவதை 1995இல் ஜிம் டிப்டன் என்பவர் பிரபலங்களின் கல்லறைகளுக்காகத் தொடங்கினார். 2013இல் குடும்ப வரலாறு தேட உதவும் ஆன்செஸ்ட்ரி நிறுவனம் அதை வாங்கியது. அங்கே ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கலாம், வாழ்க்கைக் குறிப்பு எழுதலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் தேடினால் முதலில் போய் நிற்கிற இடமும் அதுதான். 2011இல் வந்த பில்லியன்கிரேவ்ஸ் வேறு மாதிரி. படம் எடுக்கும்போதே ஜிபிஎஸ் இடம் பதிவாகிவிடும்; எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்வது பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம். பத்துப் பேர் கைபேசியோடு போனால் ஒரு பெரிய தோட்டத்தை ஒரே நாளில் முடிக்கலாம்.

வேகத்துக்குப் பில்லியன்கிரேவ்ஸ், உறவை இணைக்க ஃபைண்ட் எ கிரேவ். இரண்டில் ஒன்றுதான் என்றால் தமிழ்க் குடும்பத்துக்கு நான் பின்னதையே சொல்வேன். காரணம் நம் தோட்டங்களின் நெருக்கம். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். நம் ஊரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் பெரிது. மூன்று மீட்டர் தள்ளினால் வேறு குடும்பத்துக்குள் போய்விடுவோம். என் வரைபடத்தின் வரிசை எண்ணை ஃபைண்ட் எ கிரேவில் புதைத்த இடத்துக்கான கட்டத்தில் எழுதிவிட முடிகிறது.

ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை, பெயர். இவை முதற்பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கிற அமைப்புகள். ‘ஞா. சாமுவேல்’ என்று கல்லில் இருந்தால் ஞா என்பது அவருடைய அப்பா. தெரியாதவர் அதை முதற்பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவார், சாமுவேல் குடும்பப் பெயராகிவிடும். பிறகு அவர் மகன் ‘சா. ஞானமுத்து’ அவருக்கு உறவே இல்லாதவராகத் தேடலில் நிற்பார். பெண்களுக்கு ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு பல கற்கள் நிறுத்திவிடும். அந்த ‘இன்னார்’ தட்டச்சில் விட்டுப்போனால் அந்த அம்மாளை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எதில் ஏற்றினாலும் குறிப்புப் பகுதியில் கல்லின் முழு வாசகத்தையும் தமிழிலேயே, பிறகு ஆங்கில எழுத்திலும் போடுங்கள். அண்மையில் இறந்தவர்களை நான் இணையத்தில் ஏற்றுவதே இல்லை. அதைச் செய்வதா வேண்டாமா என்பது அந்த வீட்டாரின் முடிவு.

பழைய அச்சுத் தொகுப்புகளையும் இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்தார். ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பும் தந்தார். அதன் அருமை புரிய வேண்டுமென்றால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போங்கள். சுற்றித் தரையில் பதித்த கற்களுக்கு அடியில், அவற்றில் பெயர் உள்ளவர்கள் இல்லை. 1758-59இல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த பழைய இடுகாட்டின் சமாதிகள் எதிரிக்கு மறைவிடமாகின. முற்றுகை முடிந்ததும் அவற்றை இடித்துப் பலகைகளை மட்டும் இங்கே கொண்டு வந்தார்கள். கல் இருக்கிற இடம் ஆள் இருக்கிற இடம் அல்ல என்பதைப் படமும் ஜிபிஎஸ்ஸும் ஒருநாளும் சொல்லாது. ஆனால் காட்டன் வரலாற்று முக்கியத்துவம் உள்ளவற்றைத்தான் எடுத்தார், அதாவது பெரும்பாலும் ஐரோப்பியர். 1976இல் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் தோட்டம் தோட்டமாகப் பதிவு செய்து பெரிய வேலை செய்திருக்கிறது. அதன் பார்வையும் ஐரோப்பியக் கல்லறைகள்மேல்தான். நாசரேத்து, மெஞ்ஞானபுரம் பக்கத்து உபதேசியாரும் ஆசிரியையும் அவர்களுடைய பிள்ளைகளும் இந்தத் தொகுப்புகளில் கிடைக்க மாட்டார்கள். அவர்களை நாம்தான் எழுத வேண்டும்.

அடுத்து, தேவாலய அடக்கப் பதிவேடு. கல் வைக்க வசதியில்லாதவர்களும் அதில் இருப்பார்கள். அந்த ஒரு காரணத்துக்கே அது கல்லைவிட மேல். ஆனால் எந்த இடத்தில் அடக்கினார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது, அடியில் ‘இப்படிக்கு’வும் இருக்காது. ஒரு சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், பழைய ஏடுகள் கரையான் பட்டுப் போயிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அங்கே மிச்சம் இருப்பது கற்கள்தான். நகரங்களில் நிலைமை தலைகீழ்: இடம் போதாமல் பழைய குழியையே திறந்து அடக்குவதால் கல் மாறிவிடும், ஏடு நிற்கும்.

என் வரிசை இப்போது இதுதான். குருவானவரிடம் அனுமதி, பிறகு வரைபடம், பிறகு நோட்டு, அதே காலையில் கல்லுக்கு இரண்டு படம்: எழுத்து நிரம்ப ஒன்று, பக்கத்துக் கற்கள் தெரிய ஒன்று. பதிவேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் இணையம். நோட்டின் நகல் ஒன்று சபைக்கு.

நகல் கொடுக்கப் போகும்போது கோயில்பிள்ளையை, அதாவது தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற ஊழியரைக் கையோடு தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். போன தடவை எழுபது வயது தாண்டிய ஒருவர் என் வரைபடத்தைக் கையில் வாங்கி, நான் காலியிடம் என்று விட்டிருந்த ஐந்து கட்டங்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் யார் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.