யன்னலில் நிழலா, வாசலில் ஆளா?

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் சுனாமிக்குப் பிறகு எழும்பிய வீட்டுத்திட்டத்தைப் படம் எடுக்கப் போகிறேன் என்று மருமகன் கமராவோடு வந்து நின்றான். வீட்டு வரிசையை எப்படிப் பார்ப்பது என்று முதலில் இரண்டு அமெரிக்கப் படப்பிடிப்பாளரின் படங்களைக் காட்டினேன்.

றொபர்ட் அடம்ஸ் 1968இல் கொலராடோ ஸ்பிறிங்ஸில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்: தட்டையான வீட்டு முகப்பு, யன்னலுக்குள் ஒரு பெண்ணின் கரிய உருவம். தனிமை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அந்த வெளிச்சத்தைப் பாருங்கள், கூரையிலும் புல்லிலும் வஞ்சகமில்லாமல் விழுகிறது. இப்படி மலிவாக எழுப்பிய வீட்டின் மேல் நமக்கு வரும் கோபத்தை அது பாதியாகக் குறைத்துவிடுகிறது.

பில் ஓவன்ஸ் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஊர்ப் பத்திரிகைப் படப்பிடிப்பாளராக இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் அயலவரை அவரவர் வீட்டிலேயே எடுத்து, அவர்கள் சொன்னதையே படத்தோடு போட்டார். சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் கூச்சமும்.

எனக்கு அடம்ஸைத்தான் பிடிக்கும். ஆனாலும் எங்கட வீட்டுத்திட்டத்துக்கு, தூர நின்று எடுக்கும் அவர் வழி சரிவராது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள்தான். ஆனால் ஒருவர் முன்னுக்குத் தகரப் பத்தி இறக்கியிருக்கிறார், இன்னொருவர் கிடுகு வேலியை மதிலாக்கிவிட்டார், மூன்றாவது முற்றத்தில் வலை காய்கிறது. தூர நின்று எடுத்தால் இதெல்லாம் வெறும் வரிசை. (சொல்லாமல் யன்னலைப் படம் எடுத்தால் இங்கே அடியும் விழும்.)

“இல்லை மாமா, அடம்ஸ் மாதிரித்தான்” என்று போனான். முதல் வீட்டு அம்மா தேத்தண்ணி தந்து இருத்திவிட்டாவாம். பொழுதுபட வந்தான், கமராவில் முழுக்க அவவின் பேரப்பிள்ளைகள்.