காயிலைக் கட்டச் சங்கிலியா, பெல்ட்டா?

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் பட்டறைகளுக்கு எஃகுத் தகட்டுச் சுருள், அதாவது காயில், ஏற்றிவரும் டிரெய்லர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வாங்கிய புதிதில் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி இறுக்கும், 50 மி.மீ. அகலமுள்ள ராட்செட் பெல்ட்டுகளை மட்டுமே வைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டு முடியுமுன்பே 10 மி.மீ. தடிப்புள்ள, எண்பதாம் தரம் எனப்படும் உயர்வலிமை எஃகுச் சங்கிலிக்கு மாறிவிட்டேன். ஆகவே இது நடுநிலையான அலசல் அல்ல. கனமான காயிலுக்குச் சங்கிலிதான் என்பது என் முடிவு. அதற்கான காரணமும் பலர் நினைப்பதுபோல் வலிமை மட்டுமல்ல.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பெல்ட் விலை குறைவு, எடை குறைவு, ஒருவரே வீசிக் கட்டிவிடலாம், நிறம் பூசிய சுருளில் கீறல் விழாது. சங்கிலியோ மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் கனக்கும். அதை இறுக்கும் நெம்புகோல் பைண்டர் கை நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும் என்பதால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்து ராட்செட் வகைப் பைண்டரை வாங்கினேன்.

வலிமைக் கணக்கு சுருக்கமானது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 12195-இன்படி, பிரேக் அடிக்கும்போது சுமையின் எடையில் 80 விழுக்காட்டுக்குச் சமமான விசை முன்னோக்கித் தள்ளுவதாகவும், பக்கவாட்டிலும் பின்புறமும் 50 விழுக்காடு தள்ளுவதாகவும் கொள்ள வேண்டும். 20 டன் காயில் என்றால் முன்னோக்கி 16 டன். மரத்தளத்தில் உராய்வு 0.3, அதாவது எடையில் 30 விழுக்காடு, என்று வைத்தால் 6 டன்னை உராய்வே பிடித்துக்கொள்ளும். மீதி 10 டன்னைக் கட்டுகளும் முட்டுக்கட்டையும் சேர்ந்து தாங்க வேண்டும். அடியில் வழுக்காத ரப்பர் பாய் விரித்தால் உராய்வு 0.6 ஆகி, மீதி 4 டன்னாகக் குறைந்துவிடும். சங்கிலியா பெல்ட்டா என்று தலையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் அந்தப் பாயை வாங்கிவிடுவது நல்லது. ஆனால் பாய் வழுக்கலைத்தான் தடுக்கும், உருளலைத் தடுக்காது. அதற்கு இருபுறமும் ஆப்பு வடிவக் கட்டைகளும், அவை விலகாதபடி அவற்றை இணைக்கும் சட்டமும் வேண்டும். இந்த நிலையில், 10 மி.மீ. சங்கிலி ஒன்றின் அனுமதிக்கப்பட்ட பிடிப்பு 6,300 கிலோ, 50 மி.மீ. பெல்ட் ஒன்றுக்கு நேர் இழுப்பில் 2,500 கிலோ. பெல்ட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டி இந்த வேறுபாட்டை ஈடுகட்டிவிடலாம் என்பதால், இதை மட்டும் வைத்துப் பெல்ட்டைத் தள்ளிவிட முடியாது.

தீர்மானிப்பது பராமரிப்புத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், கட்டும் பொருள் கெட்டுவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான். காயிலின் கண், அதாவது சுருளின் நடுவிலுள்ள துளை, பக்கவாட்டில் இருக்கும்படி ஏற்றினால், ஒரு கட்டு கண் வழியே நுழைந்து முன்னோக்கியும், இன்னொன்று பின்னோக்கியும் இழுக்க வேண்டும். கண்ணின் விளிம்பு தகட்டின் விளிம்பல்லவா, கத்திபோல் இருக்கும். ஓர் ஆனி மாதம், காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்ததும், கட்டுகளை இறுக்கிப் பார்ப்பதற்காக முப்பந்தல் பக்கம் வண்டியை நிறுத்தினோம். காற்றாலைகளைச் சுழற்றும் அந்த மேல்காற்று எதிரே அடித்ததில் பெல்ட்டுகள் ரீங்காரமிட்டுத் துடித்துக்கொண்டிருந்தன. இறங்கிப் போன டிரைவர் காயிலின் கண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, பெல்ட்டு பாதி அறுந்துட்டு” என்றார். விளிம்புக்குப் போட்டிருந்த ரப்பர் உறை துடிப்பில் நகர்ந்து, பெல்ட் நேராகத் தகட்டில் உராய்ந்திருந்தது. வெளியே தெரிந்த பகுதியில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. பெல்ட்டின் நடுப்பகுதியில் ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் காற்றில் துடிக்காது என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 மி.மீ. வெட்டுப்பட்டாலே பெல்ட்டைக் கழித்துவிட வேண்டும். முடிச்சுப் போட்டு ஒட்ட வைப்பது கூடவே கூடாது. பிடிப்பளவு அச்சிட்ட நீலச் சீட்டு வெயிலில் வெளுத்து உதிர்ந்துவிட்டால், அது எவ்வளவு தாங்கும் என்று சொல்ல ஆளில்லை. பாலியெஸ்டர் இழைக்கு உப்பு நீர் பெரிய கேடு செய்யாது என்பது உண்மை. ஆனால் காரம் ஆகாது. திரும்பும் வழியில் சிமென்ட் ஏற்றும் வண்டியில் கிடக்கும் பெல்ட்டுக்கு என்ன நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சங்கிலிக்குத் துரு என்ற ஒரே எதிரிதான், அவனும் எங்கள் மாவட்டத்தில் வலுவானவன். வண்டி நிற்குமிடம் மணக்குடிக் காயலுக்கு அருகில். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும். இருந்தாலும் துரு மறைந்திருந்து கொல்வதில்லை. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய்த் துணியால் துடைத்து, வளையம் வளையமாக வெர்னியர் காலிப்பர் வைத்துப் பார்க்கிறோம். 10 மி.மீ. கம்பி எங்காவது தேய்ந்து 9 மி.மீ. ஆகிவிட்டால் அந்தச் சங்கிலி வேலைக்கு ஆகாது. அளந்து சொல்ல முடிகிற இந்த வசதிக்காகவே அதன் கனத்தைச் சகித்துக்கொள்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள். துருவை நீக்க அமிலத்தில் ஊறப்போட்டுத் தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னபோது மறுத்துவிட்டேன். அமிலத்தில் ஹைட்ரஜன் ஏறினால் இத்தகைய உயர்தர எஃகு வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். அதேபோல் விரிந்த கொக்கியை நெருப்பில் காய்ச்சி வளைப்பதோ, அறுந்த வளையத்தை வெல்டிங் வைப்பதோ கூடாது.

பெல்ட்டுக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். பலகை மேல் படுக்க வைத்துக் கட்டிய, ஓரிரு டன் எடையுள்ள, குறுகிய பட்டைகளாகச் சீவிய சுருள்களுக்கு அதுவே போதுமானது. கண் வானம் பார்க்கும்படி பெரிய காயிலை நான் இரண்டே தடவைதான் ஏற்றியிருக்கிறேன். அதில் என் சொல்லை அதிகம் நம்ப வேண்டாம்.

சங்கிலிக்கும் விளிம்புக் காப்பு தேவைதான். இல்லாவிட்டால் சுருளின் ஓரம் நசுங்கி, வாங்குபவர் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்கென்று இரும்பு மூலைக்காப்புகள் வைத்திருக்கிறேன். கழித்த பெல்ட்டுகளை முழ நீளத்துக்கு வெட்டி, நிறத்தில் கீறல் விழாதிருக்க அந்தக் காப்புகளின் அடியில் மடித்து வைக்கிறோம்.