லினக்ஸா, விண்டோஸா? தலைப்புச் செய்தியை நம்பி முடிவெடுக்க வேண்டாம்

"மியூனிக் நகராட்சியே லினக்ஸைக் கைவிட்டுவிட்டதே, நான் மாறலாமா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம். சுமார் 15,000 கணினிகளை அதற்கு மாற்றிய அந்த ஜெர்மன் நகராட்சி, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அது பெரிய செய்தியானது. 2020இல் அங்கே அமைந்த புதிய கூட்டணி, திறமூலத்துக்கு (லினக்ஸ் போல, மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய மென்பொருளுக்கு) முன்னுரிமை என்று ஒப்பந்தம் போட்டதே, அது எத்தனை பேர் காதுக்கு எட்டியது? பிரான்ஸின் ழாந்தார்மரி காவல்படை பல்லாயிரம் கணினிகளில் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை ஆண்டுக்கணக்காக ஓட்டுகிறது. அதையும் யாரும் பேசுவதில்லை. தோல்வி மட்டும் செய்தியாவது அநியாயம்.

சரி, ஒப்பிடுவோம்.

செலவு
விண்டோஸ்: உரிமத்துக்குப் பணம்.
உபுண்டு: இலவசம்.

ஆயுள்
விண்டோஸ்: 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பல பழைய மடிக்கணினிகளில் அது கிடையாது.
உபுண்டு: நீண்டகாலப் பதிப்புக்கு 5 ஆண்டு இலவசப் புதுப்பிப்பு. டிபிஎம் கட்டாயமில்லை.

பாதுகாப்பு
விண்டோஸ்: 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியது இதன் ஓட்டை வழியாகத்தான். நான் படித்த பல செய்திகளில் அது வெறும் 'கணினி வைரஸ்', விண்டோஸின் குற்றமல்ல.
திறமூலம்: 2014இல் இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை. அப்போது மட்டும் திறமூலமே குற்றவாளிக் கூண்டில் நின்றது.

இரண்டிலும் ஓட்டை வரும். புதுப்பிப்பை உடனே போடுகிறோமா என்பதுதான் முக்கியம்.

டாலி, போட்டோஷாப் இல்லாமல் வேலை ஓடாது என்றால் விண்டோஸிலேயே இருங்கள். இணையம், கடிதம், பிள்ளைகள் படிப்பு, அப்புறம் அலமாரியில் தூங்கும் பழைய மடிக்கணினி என்றால் தயங்காமல் உபுண்டு. நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.