எட்னாவா, வுல்டூரேயா, மண்டூரியாவா? தென் இத்தாலியின் மூன்று ரெட் ஒயின்கள்

தென் இத்தாலிய ரெட் ஒயின் வேண்டும் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் புலியா மாநிலத்து மண்டூரியாவின் பிரிமிடிவோ பாட்டிலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். முதல் வாயிலேயே பிடித்துப்போகிற ஒயின் அது. ஆனால் அதன் பக்கத்தில் சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் விளையும் எட்னா ரோஸ்ஸோவையும் பசிலிகாட்டா மாநிலத்து வுல்டூரே மலையின் அல்யானிகோவையும் வைத்து, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்துப் பாருங்கள். முதல் வாயில் ஜெயிப்பது ஒன்றாகவும், பாட்டில் காலியாகும்போது ஜெயிப்பது வேறொன்றாகவும் இருக்கும்.

முதலில் குடிக்கும் வரிசையைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். பிரிமிடிவோவில் தொடங்கினால் அந்த இனிப்பு நாக்கில் தங்கிவிடும். அடுத்து வருகிற எட்னா பாவம், வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். எட்னா, அல்யானிகோ, கடைசியாக பிரிமிடிவோ என்று போவதே நியாயம். எட்னாவைக் கொஞ்சம் குளிர்ச்சியாக, 15 அல்லது 16 டிகிரியில் ஊற்றலாம். அல்யானிகோவுக்கு 18 வரை போகலாம். பிரிமிடிவோவும் குளிர்ச்சியாகவே இருக்கட்டும், சூடானால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும்.

எட்னா ரோஸ்ஸோவில் குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேசே திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. கிளாஸைச் சாய்த்துப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும், அவ்வளவு வெளிர்ந்த சிவப்பு. விளிம்பில் லேசான ஆரஞ்சு ஓடும். நிறத்தைப் பார்த்து சத்தில்லாத ஒயின் என்று நினைத்துவிடக் கூடாது, வாயில் வைத்ததும் துவர்ப்பு பிடித்துக்கொள்ளும். புளிச்செர்ரி, காய்ந்த மூலிகை, ஆரஞ்சுத் தோல், அப்புறம் கொஞ்சம் புகை. எரிமலை மண்தான் அந்தப் புகைக்குக் காரணம் என்று விற்பவர்கள் சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை. மண் செய்கிற வேலையைவிட உயரம் செய்கிற வேலை அதிகம் என்பது என் எண்ணம். வடக்குச் சரிவில் ரன்டாட்ஸோ, சோலிக்கியாத்தா பக்கத்துத் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் தொடங்கி 1000 மீட்டரை எட்டுகின்றன. பகலில் சிசிலி வெயில், இரவில் மலைக் குளிர். பழம் அக்டோபரில்தான் பறிபடும், அதனால் புளிப்பு குறையாமல் நிற்கிறது.

எட்னாவுக்கு 1968-லேயே டி.ஓ.சி., அதாவது ஒயினின் ஊரையும் விதிகளையும் உறுதிசெய்யும் இத்தாலியத் தகுதி, கிடைத்துவிட்டது. ஆனாலும் உலகம் திரும்பிப் பார்த்தது 2000-க்குப் பிறகுதான். அந்த வாக்கில் அன்ட்ரேயா ஃபிராங்கெட்டி, மார்க் தெ கிராட்ஸியா, ஃபிராங்க் கார்னலிசன் போன்ற வெளியாட்கள் வந்து, கைவிடப்பட்டுக் கிடந்த கல்வரப்புத் தோட்டங்களை எடுத்து நடத்தினார்கள். இப்போது ஒவ்வொரு துண்டு நிலத்தின் பெயரும் லேபிளில் ஏறுகிறது. விலையும் கூடவே ஏறிவிட்டது, அதுதான் குறை.

வுல்டூரே பசிலிகாட்டாவின் வடக்கே இருக்கும் அணைந்த எரிமலை. அதன் சரிவில் பரிலே, ரியோனேரோ என்ற ஊர்கள். கொஞ்சம் தள்ளி லத்தீன் கவிஞர் ஹொராஷியஸ் பிறந்த வெனோசா. பரிலேயில் எரிமலைப் பாறையைக் குடைந்து ஒயின் வைக்கும் குகைகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே அல்யானிகோ மட்டுமே விளைந்த ஒயினுக்குத்தான் ‘அல்யானிகோ தெல் வுல்டூரே’ என்ற பெயர் கிடைக்கும், வேறு திராட்சை கலக்கக் கூடாது. இத்தாலியில் கடைசியாகப் பழுக்கும் சிவப்புத் திராட்சைகளில் இதுவும் ஒன்று. அறுவடை பல வருடம் நவம்பருக்குள் போய்விடும்.

இளசான அல்யானிகோவைத் திறந்த உடனே குடித்தால், காயாக இருக்கும் நாவல்பழத்தைக் கடித்தது போல ஈறெல்லாம் இழுக்கும். பாதிப் பேர் இந்த இடத்திலேயே கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. வாய் அகன்ற குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விட்டால் கறுப்புச் செர்ரி, புகையிலை, பதப்படுத்திய தோல் வாசனை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். மறுநாள் மிச்சத்தைக் குடித்தால் இன்னும் நன்றாக இருக்கும். இந்த மறுநாள் சோதனையில் மூன்றில் முதலிடம் சந்தேகமில்லாமல் அல்யானிகோவுக்குத்தான்.

இதே திராட்சையின் இன்னொரு வீடு பக்கத்து மாநிலமான கம்பானியாவின் தவுராசி. 1993-ல் டி.ஓ.சி.க்கும் மேலான டி.ஓ.சி.ஜி. தகுதி பெற்றது. விற்பனைக்கு வருமுன் குறைந்தது மூன்று வருடம் முதிர வேண்டும், கூடுதலாக முதிரவைக்கும் ‘ரிஸெர்வா’ என்றால் நான்கு. மஸ்த்ரோபெரார்தினோ குடும்பத்தின் 1968 தவுராசியை இன்றும் பெரிதாகப் பேசுகிறார்கள். வடக்கு இத்தாலியின் புகழ்பெற்ற ரெட் ஒயின் பரோலோவை வைத்து, ‘தெற்கின் பரோலோ’ என்றும் தவுராசிக்கு ஒரு பட்டம் உண்டு. வடக்கத்திப் பெயரை வைத்துத் தெற்கை அளக்கும் அந்தப் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கனமும் கம்பீரமும் தவுராசியில் அதிகம்தான், ஆனால் கொடுக்கும் காசுக்கு வுல்டூரேதான் கட்டுபடியாகும்.

பிரிமிடிவோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புலியாவின் வெயிலில் சீக்கிரம் பழுத்து, சர்க்கரை ஏறி, 14, 15 சதவீத ஆல்கஹாலைச் சாதாரணமாகத் தொடும். கலிஃபோர்னியாவின் ஸின்ஃபான்டெலும் இதே திராட்சைதான் என்று மரபணுச் சோதனை 1990-களில் உறுதி செய்தது. இருவரின் பூர்வீகமும் குரோவேஷியக் கடற்கரை என்பது 2001-ல் தெரிந்தது. வடக்கத்தி ஒயின்களுக்கு நிறமும் வலுவும் ஏற்ற டாங்கர் டாங்கராக அனுப்பப்பட்ட சரக்கு ஒரு காலத்தில் இது. மண்டூரியா பாட்டிலில் பிளம் ஜாம், அத்திப்பழம், சாக்லேட், வெனிலா எல்லாம் உண்டு. ஆனால் இரண்டாவது கிளாஸில் திகட்டும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஜோயா தெல் கொல்லே என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். அங்கே நிலம் மேடு, அடியில் சுண்ணாம்புப் பாறை, புளிப்பும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. வாட்டிய ஆட்டுக்கறி வந்ததும் அல்யானிகோவின் முரட்டுத் துவர்ப்பு அடங்கிவிடும், கொழுப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எட்னாவைச் சுட்ட சூரை மீனோடும் குடிக்கலாம். ரெட் ஒயினும் மீனும் சேராது என்பவர்களுக்கு இதை ஊற்றிக் கொடுக்க வேண்டும். தக்காளிக் குழம்பில் வெந்த பாஸ்தாவுக்கும் எட்னாவே சரி, தக்காளியின் புளிப்புக்கு அதன் புளிப்பு ஈடுகொடுக்கும். அங்கே பிரிமிடிவோ தட்டையாகிவிடுகிறது. காரமான தொத்திறைச்சியோடு சேர்த்தாலோ அந்த ஆல்கஹால் எரிச்சலைக் கிளப்பும்.

அதனால் இன்று ராத்திரியே திறந்து குடிக்க எட்னா, பத்து வருடம் அலமாரியில் படுக்க வைக்க வுல்டூரே. மண்டூரியா என்றால் அதன் இனிப்பு வகையான ‘தோல்சே நதுராலே’வை வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த அத்தியும் பாதாமும் தட்டில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்த பிறகு சின்ன கிளாஸில் குடிக்கலாம். அந்த வேலைக்கு மற்ற இரண்டும் ஆகாது.