பைக்கஸ் போன்சாயின் வேர்ச் சிக்கல்: பத்தரமுல்லையில் பெற்ற சேவை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பல்கனியில் 9 ஆண்டுகளாக வளரும் பைக்கஸ் போன்சாயின் (சாடியில் குறுக்கி வளர்க்கும் ஆல், அத்தி இன மரம்) அடித்தண்டை, விரல் பருமனான வேரொன்று கயிறு போலச் சுற்றி இறுக்கியிருந்தது. இறுகிய இடத்துக்கு மேலே தண்டு புடைக்கத் தொடங்கியதைக் கண்டதும், நானே கத்தி வைக்கத் துணியாமல், பத்தரமுல்லைப் பக்கத்துத் தாவரப் பண்ணை ஒன்றின் சாடி மாற்றும் சேவையை நாடினேன். கட்டணம் 4,500 ரூபாய்.

வேர் வேலையில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பதுளையைச் சேர்ந்த பணியாளர் மண்கட்டியைத் தண்ணீர் பீய்ச்சித் தளர்த்தி, வளைந்த கொக்கியால் தண்டிலிருந்து வெளிப்புறமாக மட்டும் சீவிவிட்டார். குறுக்கே இழுத்தால் சல்லிவேர்கள் அறுந்துவிடும். இறுக்கிய வேரை அது கிளம்பும் இடத்திலேயே குழிவெட்டியால் (குழிவாக வெட்டும் போன்சாய்க் கத்தரி) நறுக்கியபோது வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக வடிந்தது. எடுக்க வேண்டிய வேர் இன்னொன்றும் இருந்தது. ஆனால் தண்டுக்கு நேர்கீழே இறங்கிய அந்தத் தடித்த வேரில்தான் சல்லிவேர்களில் பாதி இருந்தன. "ஐயா, இதையும் இன்றைக்கே எடுத்தால் மரம் எதால் தண்ணீர் குடிக்கும்?" என்று கேட்டு, அதைப் பாதியாகக் குறைத்து, மீதியை அடுத்த சாடி மாற்றத்துக்கு விட்டுவைத்தார். அந்தப் பொறுமைக்காகவே இன்னொரு முறையும் அவரிடம் போவேன். வேரே இல்லாத பக்கத்தில் பட்டையைக் கீறி, வேர் ஊக்கித் தூளைத் தடவி, ஈரப்பாசியால் மூடியதும் நான் கேட்காமலே செய்த வேலை.

குறை இரண்டு. முதலாவது, மரத்தைக் கம்பியால் சாடியோடு கட்டவில்லை. கடற்காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் புதிதாகக் கிளம்பும் வேர்நுனிகள் முறியும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. திரும்பக் கொண்டுபோனதும் கட்டணமின்றிக் கட்டித் தந்தார்கள்.

இரண்டாவது குறை பெரியது. சாடியில் நிரப்பிய கலவையில் தும்புத்தூளே மிகுதியாக இருந்தது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல்தோறும் மழை கொட்டும் கொழும்பில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெட்டுக்காயம் ஆறாத வேருக்கு அழுகல் அங்கேதான் தொடங்கும். வேரை உடனே மறுபடி கிளறக் கூடாது என்பதால், சாடியை ஒருபக்கம் சாய்த்து வைத்து, மழைக்கு ஒதுக்கிக் காப்பாற்றினேன். ஆறாவது வாரத்தில் புதுத்துளிர் வந்தது. மீதி வேரை எடுக்கப் போகும்போது, சலித்த செங்கல் துண்டும் பருமணலும் கலந்து நானே கொண்டுபோவேன்.