நரசிங்கபுரம் தெரு மாடிக் கடையும் என் தம்பியின் காதும்

என் தம்பிக்குப் பார்வை மிகக் குறைவு. டிவியில் அசைவதெல்லாம் நிழலாகத்தான் தெரியும். அவன் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கேம் பெட்டியில் விளையாடுவது காதை வைத்துத்தான். ஆள் பின்னால் வருகிறானா, இடது பக்கம் கதவு திறக்கிறதா, எல்லாம் ஸ்பீக்கர்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே பெரம்பூர் வீட்டில் 5.1 ஆம்ப் வாங்கி வைத்தோம். முன்னும் பின்னுமாக ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் பெட்டிக்கும் தனித்தனியாகச் சத்தம் அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் அது. போன மாதம் புது டிவி வந்தது. அன்றிலிருந்து பின் ஸ்பீக்கர் இரண்டும் ஊமை.

பக்கத்துக் கடை ஒன்றில் காட்டினோம். ஏதோ பட்டனைத் தட்டினார்கள், ஐந்து ஸ்பீக்கரும் அலறின. சரி, தீர்ந்தது என்று 600 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம். தம்பி ஐந்து நிமிடம் விளையாடிவிட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். “அண்ணா, முன்னாடி வர்ற சத்தமேதான் பின்னாடியும் வருது. திசையே தெரியல.” இடது, வலது என்ற இரண்டு சேனல் சத்தத்தையே எல்லா ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டிருக்கிறார்கள். திரும்பப் போனால், போர்டு போய்விட்டது, 4,500 ஆகும் என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அப்புறம்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம், நரசிங்கபுரம் தெருவில் இந்த மாடிக் கடைக்கு ஆட்டோவில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்கார அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. “வீட்ல எப்படி மாட்டியிருக்கீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். கேம் பெட்டியிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள், டிவியிலிருந்து ஆம்புக்கு சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள் என்றேன். அங்கேதான் பிடித்தார். பல டிவிகள் எச்டிஎம்ஐ வழியே வரும் 5.1 சத்தத்தை இரண்டாகச் சுருக்கித்தான் ஆப்டிகலில் வெளியே விடுமாம்.

எங்களுடையது முதலில் வந்த பிஎஸ்4. அதன் முதுகிலேயே ஆப்டிகல் ஓட்டை இருக்கிறது. ஸ்லிம் மாடலில் இல்லை. அங்கிருந்து நேராக ஆம்புக்கு மாட்டினார். செட்டிங்ஸில் ஆடியோ அவுட்புட்டை ஆப்டிகலுக்கு மாற்றி, 5.1 சத்தத்தை அமுக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல் 5.1-ஐ டிக் செய்தார். கடைசியாக ஆடியோ ஃபார்மட்டை அமுக்காமல் அனுப்பும் லீனியர் பிசிஎம்மிலிருந்து பிட்ஸ்ட்ரீம் டால்பிக்கு மாற்றினார். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஆப்டிகலில் பிசிஎம் இரண்டு சேனல்தான் போகும். ஆம்ப் முகப்பில் டால்பி டிஜிட்டல் என்ற எழுத்து எரிந்தது.

அதோடு விடவில்லை அவர். தம்பியை ஸ்டூலில் உட்கார வைத்து, இரண்டு ஸ்பீக்கரை அட்டைப்பெட்டி மேல் அவனுக்குப் பின்னால் வைத்தார். கேமை ஓட்டிவிட்டு, “எங்கேருந்து வருது, கைய காட்டு தம்பி” என்றார். அவன் தோளுக்குப் பின்னால் வலது பக்கம் விரலை நீட்டினான். கேமில் அங்கேதான் ஆள் நின்றான்.

வாங்கியது 150 ரூபாய். வீட்டில் இருக்கிற கேபிளே போதும், டிவியில் பிடுங்கி பிஎஸ்4-ல் மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். பிஎஸ்5 பற்றிக் கேட்டோம். அதில் ஆப்டிகல் கிடையாது, வாங்குவதானால் எச்டிஎம்ஐ உள்ள ஆம்பும் பாருங்கள் என்றார்.

குறை என்றால் படி செங்குத்து. ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஏற இரண்டு பேர் வேண்டும். வண்டி நிறுத்த இடமே இல்லை. போகும்போது டிவி, ஆம்ப் இரண்டின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அண்ணன் முதலில் கேட்பது அதைத்தான்.